பயிருக்கு இன்சூரன்ஸ், மாட்டுக்கு இன்சூரன்ஸ்! உழுகிறவன் உடம்புக்கு எங்கே?



மக்காச்சோளத்துக்கு இன்சூரன்ஸ் உண்டு. 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டில் காரீப் பயிருக்கு 2 சதம், ராபிக்கு ஒன்றரை சதம், பருத்தி, வெங்காயம் மாதிரிப் பணப்பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் 5 சதம் வரை நாம் கட்டுகிறோம். கறவை மாட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு, காதில் கம்மல் மாட்டிவிட்டுப் போகிறான். டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் ஏற முடியாது. ஆனால் அந்தப் பயிரை விதைத்தவன், அந்த மாட்டைக் கறந்தவள், அந்த டிராக்டரை ஓட்டினவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்? அப்போது விற்பது அதே மாட்டை. அடகு போவது அதே நிலம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். இந்த நாட்டில் சித்திரத்துக்குக் காப்பு இருக்கிறது, சுவருக்கு இல்லை. இதைப் பற்றித்தான் இந்தத் துண்டறிக்கை. கொஞ்சம் நீளம்தான். டீக்கடையில் உட்கார்ந்து நாலு பேருக்குப் படித்துக் காட்டுங்கள்.

யாருக்கு என்ன இருக்கிறது?

நம் அரியலூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சிமெண்ட் ஆலை வேலிக்கு உள்ளே வேலை பார்க்கிற, மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அவர் சம்பளத்தில் பிடிப்பது முக்கால் சதம், முதலாளி போடுவது மூணேகால் சதம். அதற்கு அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. ஆபரேஷன் மட்டுமில்லை, காய்ச்சலுக்கு மாத்திரையும் பல்வலிக்கு வைத்தியமும் அதில் சேர்த்தி. நோயில் படுத்தால் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதம் வீட்டுக்கு வரும். போராடி வாங்கிய உரிமை அது. நமக்கு அதில் பொறாமை இல்லை, சந்தோஷம்தான்.

அரசு ஊழியருக்கு 2021 ஜூலையில் வந்த காப்பீட்டுத் திட்டத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்துக்கொண்டு நாலு வருஷத்துக்கு 5 லட்சம் என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவன் யார்? சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு மிச்சமிருக்கும் ரெண்டு ஏக்கரில் முந்திரியும் கம்பும் பார்க்கிறவன். இவனுக்கு முதலாளி கிடையாது. முதலாளி இல்லாததாலேயே இ.எஸ்.ஐ. கிடையாது. 'சுயதொழில்' என்று பேர் வைத்து நம்மைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மழைக்கும் சந்தைக்கும் வட்டிக்கடைக்காரனுக்கும் அடிமையாக இருப்பவனுக்குப் பேர் சுயதொழில்!

உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நஞ்சை இரண்டரை ஏக்கர், புஞ்சை ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு விபத்து மரணம், ஊனம், முதியோர் ஓய்வூதியம், பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் என்று உதவித்தொகை தருகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் செத்த பிறகு கொடுக்கிற பணம் வேறு, சாகாமல் இருக்கக் கொடுக்கிற பணம் வேறு. மருத்துவமனை பில்லைக் கட்டும் திட்டம் அல்ல அது.

ரூ.1,20,000 என்னும் கோடு

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு நாலு வருஷத்துக்கு 1 லட்சம். 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்ந்து ஆண்டுக்கு 5 லட்சம் ஆனது. ஆட்சி மாறினாலும் திட்டம் நின்றுவிடவில்லை. எத்தனையோ ஏழைக் குடும்பங்களை இந்தக் கார்டு காப்பாற்றியிருக்கிறது. அதை மறைத்துப் பேச நாங்கள் கட்சிக்காரர்கள் இல்லை.

ஆனால் வருமான வரம்பைப் பாருங்கள். 2009-ல் போட்ட 72,000 ரூபாய்க் கோட்டை 2022-ல்தான் 1,20,000 ஆக்கினார்கள். 1,20,000 என்றால் மாதம் 10,000. நாளைக்கு 329 ரூபாய். நாலு பேர் குடும்பத்தில் ஆளுக்கு 82 ரூபாய். 100 நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள் கூலியே 336 ரூபாய். அந்தக் கூலியை ஒரே ஆள் வருஷம் பூரா வாங்கினால் 1,22,640 ரூபாய். கோட்டைத் தாண்டிவிட்டான்! அரசே நிர்ணயித்த கூலியை வாங்குகிறவனை அரசின் கோடே வெளியே தள்ளுகிறது என்றால் அந்தக் கோடு சரியா?

விவசாயி கதை இன்னும் மோசம். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வேப்பந்தட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி மக்காச்சோளம். ஏக்கருக்கு 20 குவிண்டால், குவிண்டால் 2,000 ரூபாய். மொத்தம் 1,20,000. இதுதான் வருமானமா? உழவு ஓட்டியது, விதை வாங்கியது, உரம் போட்டது, களை எடுத்தது, 2018-ல் வந்த படைப்புழு இன்னும் போகாததால் மருந்துக்கு மேல் மருந்து அடித்தது, கதிர் அறுத்து மிஷினில் விட்டது, வண்டி வாடகை, எடைக்கூலி, கூட்டுறவுக் கடனுக்குத் தவணை... உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று சும்மாவா சொன்னார்கள்? மொத்த வரவையே வருமானம் என்று சான்றிதழில் எழுதினால் இவன் பணக்காரன். எருமை மாடு ஒன்று இருந்து பாலும் ஊற்றினால் இவன் கோடீஸ்வரன்!

இப்படித்தான் நம்மில் ஒரு கூட்டம் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கார்டு வாங்கும் அளவுக்கு ஏழையும் இல்லை, தனியார் பிரீமியம் கட்டும் அளவுக்கு வசதியும் இல்லை. மூணு ஏக்கர், அஞ்சு ஏக்கர் வைத்திருக்கிற ஆள்தான் ஒரு ஆபரேஷனில் கூலிக்காரன் ஆகிறான்.

70 வயது தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. நல்லது. ஆனால் பதினைந்து வயதில் மண்வெட்டி பிடித்தவன் 70 வரைக்கும் எப்படிப் போய்ச் சேருவது?

நம் நோய் தனி நோய்

ஆபீஸில் உட்கார்ந்திருப்பவன் நோயும் நம் நோயும் ஒன்றல்ல. மூட்டை தூக்கிக் குடலிறக்கம். வரப்பில் வழுக்கி இடுப்பு எலும்பு. களை எடுத்துக் களை எடுத்து முழங்கால். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கல்லடைப்பு. நம் பெண்களுக்குக் கர்ப்பப்பை இறக்கம், ரத்தசோகை. இரவில் மடை திருப்பப் போனால் பாம்பு. பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு 2024 நவம்பரில் அறிவித்தது. அறிவித்தார்கள் சரி, கடிபட்டவன் படுத்துக்கிடக்கும் நாட்களுக்குக் கூலி யார் தருவது?

2017-ஐ மறக்க முடியுமா? மகாராஷ்டிராவில் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகள் செத்து விழுந்த அதே பருவத்தில், நம் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலர் திரும்பி வரவில்லை. ஆலையில் விஷவாயு தாக்கினால் அது தொழில் விபத்து. வயலில் விஷம் தாக்கினால் அது விதியா?

சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. திருச்சி-சென்னை நெடுஞ்சாலையும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் இருக்கிற நம் மாவட்டங்களுக்கு அது மிகவும் தேவையான திட்டம். ஆனால் வயலுக்குள் கவிழ்ந்த டிராக்டர் சாலை விபத்து ஆகாது. கதிரடிக்கும் மிஷினில் மாட்டிய கை சாலை விபத்து ஆகாது. இவர்களுக்கு எத்தனை மணி நேரம்?

தனியார் பாலிசி: மலர் மாலையும் மாட்டும் கயிறும்

இந்த இடைவெளியில்தான் ஏஜெண்ட் நுழைகிறார். எல்லா ஏஜெண்டும் கெட்டவர்கள் இல்லை. நம் பிள்ளைகளே அந்த வேலை பார்க்கிறார்கள். ஆனால் "அஞ்சு லட்சம் கவர் அண்ணே, எல்லாமே ஃப்ரீ அண்ணே" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால், அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பது ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் தெரிகிறது. பயிர்க்கடனோ நகைக்கடனோ வாங்கப் போன இடத்தில் ஒரு பாலிசியையும் சேர்த்துத் தலையில் கட்டும் பழக்கமும் இருக்கிறது. கேட்காத பாலிசியை வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. கட்டிவிட்டாலும் பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

சம்பளக்காரர் கட்டும் பிரீமியத்துக்குப் பழைய முறை வருமான வரியில் 25,000 ரூபாய் வரை கழிவு உண்டு. நமக்கு விவசாய வருமானத்துக்கு வரியே இல்லை, ஆகவே கழிவும் இல்லை. 2017 ஜூலையிலிருந்து 2025 செப்டம்பர் 21 வரை 100 ரூபாய் பிரீமியத்துக்கு 18 ரூபாய் ஜி.எஸ்.டி. வேறு. எட்டு வருஷத்துக்கு மேல் நோய்ப் பயத்தின் மேல் வரி வாங்கினார்கள்! 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு அந்த வரி இல்லை. இன்னமும் வரி சேர்த்துக் கேட்டால் கட்டாதீர்கள். வரி போன பிறகு அடிப்படை பிரீமியத்தை ஏற்றியிருக்கிறார்களா என்று போன வருஷ ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

போராட்டம் ஜெயிக்கும் வரை நோய் காத்திருக்காது. ஆகவே பாலிசி எடுக்க முடிந்தவர்கள் எடுக்கத்தான் வேண்டும். எடுக்கும் முன் கீழ்க்கண்ட கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத ஏஜெண்டிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஒன்று: முதலில் அரசுக் கார்டு. வருமானம் வரம்புக்குள் இருந்தால் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யுங்கள். இலவசத் தொலைபேசி 1800 425 3993. எந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்பதை நோய் வருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத இடத்தில் இந்தக் கார்டு செல்லாது.

இரண்டு: காத்திருப்புக் காலம். பாலிசி எடுத்த முதல் 30 நாள் விபத்தைத் தவிர எதற்கும் பணம் வராது. குடலிறக்கம், கண்புரை, மூலம், கல்லடைப்பு, கர்ப்பப்பை, முழங்கால் மாற்று ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் 2 வருஷம். பட்டியலைப் பார்த்தீர்களா? நமக்கு வருகிற நோய் பூராவும் அதில்தான் இருக்கிறது! ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி நோய்க்கு அதிகபட்சம் 3 வருஷம். 2024-க்கு முன் இது 4 வருஷம். ஆகவே நோய் வந்த பிறகு ஓடிப்போய் எடுப்பதில் பயனில்லை. உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுக்க வேண்டும்.

மூன்று: மறைக்காதீர்கள். "சர்க்கரை இருக்கிறதை எழுத வேணாம் அண்ணே, பிரீமியம் ஏறிடும்" என்று சொல்வார்கள். கிளைம் வரும்போது அதே வார்த்தை நம் கழுத்துக்குச் சுருக்கு. விண்ணப்பத்தை நாமே, அல்லது படித்த பிள்ளையை வைத்து நிரப்ப வேண்டும். தொடர்ந்து 60 மாதம் கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, சொல்லாமல் விட்டதைக் காட்டிக் கிளைமை மறுக்க முடியாது. ஆகவே ஒரு வருஷம் கூட விடாமல் புதுப்பியுங்கள்.

நான்கு: அறை வாடகை. 3 லட்சம் பாலிசியில் அறைக்கு 1 சதம், அதாவது நாளைக்கு 3,000 ரூபாய் என்று வரம்பு இருக்கலாம். ஆஸ்பத்திரியில் 6,000 ரூபாய் அறையில் போட்டுவிட்டால் அறை வாடகை மட்டும் பாதியாகாது, டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர் செலவு எல்லாம் அதே விகிதத்தில் வெட்டுப்படும். மருந்து, பரிசோதனை, உடம்புக்குள் பொருத்தும் கருவி ஆகியவற்றில் அப்படி வெட்டக் கூடாது என்பது விதி. வெட்டியிருந்தால் கேள்வி கேளுங்கள்.

ஐந்து: நம் பங்கு எவ்வளவு? 'கோ-பே' என்று ஒரு வார்த்தை இருக்கும். 20 சதம் கோ-பே என்றால் 2 லட்சம் பில்லில் 40,000 நம் கையிலிருந்து. சில பாலிசிகள் சிறிய ஊர் விலையில் விற்கும், சென்னையில் வைத்தியம் பார்த்தால் கூடுதல் பங்கு கேட்கும். பெரிய நோய் என்றால் நாம் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் சென்னைக்கும்தானே ஓடுகிறோம்? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறு: எது மலிவு? 2020 ஏப்ரலிலிருந்து 'ஆரோக்ய சஞ்சீவனி' என்று ஒரே மாதிரியான பாலிசியை எல்லா ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. விதிகள் ஒன்றேதான், விலை மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. நம் பங்கு 5 சதம். ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் சுலபம். அரசுக் கார்டோ, கையில் ஒன்றிரண்டு லட்சம் புரட்டும் வழியோ இருப்பவர்கள் 'சூப்பர் டாப்-அப்' பார்க்கலாம். முதல் 3 லட்சமோ 5 லட்சமோ நம் பொறுப்பு, அதற்கு மேல் கம்பெனி பொறுப்பு. பிரீமியம் நன்றாகக் குறையும். வெறும் 'டாப்-அப்' வேறு, 'சூப்பர் டாப்-அப்' வேறு. முன்னது ஒவ்வொரு தடவைப் பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும், பின்னது வருஷத்துச் செலவு முழுவதையும் கூட்டிப் பார்க்கும்.

ஏழு: தமிழில் கேளுங்கள். பாலிசியின் சாரத்தைச் சொல்லும் வாடிக்கையாளர் தகவல் தாளை, நாம் கேட்டால் நம் மொழியில் தர வேண்டும் என்று 2024 ஜனவரியிலிருந்து விதி. இங்கிலீஷில் ஐம்பது பக்கம் கொடுத்தால் வாங்காதீர்கள்.

எட்டு: மறுத்தால் விடாதீர்கள். பணம் கட்டாத சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போகும்போது மூன்று மணி நேரத்துக்குள் கணக்கு முடிக்க வேண்டும். இது 2024-ல் ஆணையம் போட்ட உத்தரவு. கிளைமை மறுத்தால் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் சென்னையில் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 50 லட்சம் வரை விசாரிக்கலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆணையத்தின் புகார் எண் 155255. மனு எழுதத் தெரியாதவர்கள் சங்கத்துக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.

பல் போனால் சொல் மட்டுமா போச்சு?

பல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாமும் பேசுவதில்லை. வலித்தால் கிராம்பை வைத்துக் கடிக்கிறோம், புகையிலையை அதக்குகிறோம், பொறுக்க முடியாமல் போனால் பிடுங்கி எறிகிறோம். ஐம்பது வயதில் பாதிப் பல் இல்லாத விவசாயி எத்தனை பேர், உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். சோளச்சோறும் கேழ்வரகுக் களியும் தின்று வளர்ந்தவன் கடலையைக் கடிக்க முடியாமல் நிற்கிறான். மெல்ல முடியாதவன் கஞ்சியிலேயே காலம் தள்ளுகிறான். அப்புறம் உடம்பில் எங்கிருந்து வலு வரும்?

பல்லுக்கு இன்சூரன்ஸ் என்று தேடிப் போனால் விஷயம் வேடிக்கை. சாதாரண பாலிசி, ஆஸ்பத்திரியில் 24 மணி நேரம் படுத்தால்தான் பணம் தரும். பல் டாக்டர் நாற்காலியில் யார் 24 மணி நேரம் படுப்பது? விபத்தில் தாடை உடைந்து அட்மிட் ஆனால் உண்டு. சொத்தைப் பல், வேர் சிகிச்சை, பல் செட் என்றால் பெரும்பாலும் இல்லை. அரசுத் திட்டத்திலும் வாய்ப் புற்றுநோய், தாடை முறிவு மாதிரிப் பெரிய அறுவை சிகிச்சைக்குத்தான் வழி. பக்கத்து ஊர் பல் டாக்டரிடம் போகும் செலவு கைக்காசு.

'பல்லுக்கும் சேர்த்து' என்று கூடுதல் பணம் கேட்டால் நாலு விஷயம் பாருங்கள். வருஷத்துக்கு எவ்வளவு வரை தருவார்கள்? எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? வேர் சிகிச்சையும் பல் கட்டுவதும் சேர்த்தியா, அல்லது சுத்தம் செய்வது மட்டுமா? நம் ஊர்ப் பக்கம் அவர்கள் பட்டியலில் டாக்டர் இருக்கிறாரா? கூடுதல் பிரீமியம் 2,000, வருஷ வரம்பு 3,000 என்றால் அதற்குப் பேர் இன்சூரன்ஸ் இல்லை, நம் பணத்தை நமக்கே சில்லறை மாற்றித் தருவது. அந்த 2,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்து வருஷத்துக்கு ஒரு தடவை பல் டாக்டரைப் பாருங்கள், அது லாபம். பெரிய வேலை என்றால் புதுக்கோட்டையில் 2023-ல் திறந்த அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்தவர்களுக்குச் சிதம்பரத்து அரசுப் பல் மருத்துவக் கல்லூரி கிட்டம். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், புகையிலை போடுகிறவர்கள் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். அது பல் விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

மற்ற இடத்தில் முடியும்போது இங்கே ஏன் முடியாது?

காவிரித் தண்ணீருக்கு நாம் மல்லுக்கு நிற்கும் அதே கர்நாடகாவைப் பாருங்கள். 2003-ல் அங்கே 'யஷஸ்வினி' என்று ஒரு திட்டம் வந்தது. கூட்டுறவுச் சங்க உறுப்பினரான விவசாயி மாதம் 5 ரூபாய், வருஷம் 60 ரூபாய் கட்டினார். அறுவை சிகிச்சைக்குக் காப்பு. முதல் வருஷமே சுமார் 16 லட்சம் பேர் சேர்ந்தார்கள். ஏழையா, நடுத்தரமா என்று யாரும் கேட்கவில்லை, கூட்டுறவு உறுப்பினரா என்றுதான் கேட்டார்கள். 2018-ல் அரசு அதை வேறு திட்டத்தோடு சேர்த்து நிறுத்திவிட்டது. விவசாயிகள் விடவில்லை. 2023 ஜனவரியில் மீண்டும் வந்தது. கிராமத்தில் நாலு பேர் குடும்பத்துக்கு 500 ரூபாய், 5 லட்சம் வரை காப்பு என்று. நம்மிடம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இல்லாத பிர்க்கா இருக்கிறதா? உரம் விற்க முடிகிற சங்கத்தால், நகைக்கடன் கொடுக்க முடிகிற சங்கத்தால், இதைச் செய்ய முடியாதா?

வெளிநாடுகளைப் பாருங்கள். ஜப்பானில் 1938-லேயே கிராமத்து விவசாயிகளையும் மீனவர்களையும் மனதில் வைத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் போட்டார்கள். 1961-ல் நாட்டில் எல்லாருக்கும் வந்துவிட்டது. பிரான்சில் 1961-ல், ஜெர்மனியில் 1972-ல் விவசாயிக்கென்றே தனிச் சட்டம். முதலாளி இல்லாதவனுக்கு அரசே முதலாளி இடத்தில் நின்று பங்கு போட்டது. அதுதான் வழி.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். 2022-ல் அரசு சொன்ன கணக்கு: முதலமைச்சர் காப்பீட்டில் கம்பெனிக்கு ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 849 ரூபாய் பிரீமியம். பெரிய சிகிச்சைக்கு அரசு தனியாகப் போடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஐம்பது வயது புருஷன் பொண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் தனியாகப் போய்க் கேட்டால் தனியார் சொல்லும் தொகையில் அது எத்தனையில் ஒரு பங்கு? கோடிக்கணக்கான குடும்பம் ஒன்றாகப் போனால் ஒரு விலை, ஒத்தை ஆளாகப் போனால் ஒரு விலை. வெங்காயத்தை ஒத்தை ஆளாகக் கமிஷன் மண்டிக்குக் கொண்டுபோனால் என்ன ஆகிறது என்று செட்டிகுளத்துக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டுமா? இன்சூரன்ஸும் அதே சந்தைதான். கூட்டமாகப் போகிறவனுக்குத்தான் விலை.

நம் கோரிக்கைகள்

மத்திய, மாநில அரசுகளே!

1. விவசாயக் குடும்பம் அனைத்தையும் வருமான வரம்பு பார்க்காமல் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் சேர்! வரம்புக்கு மேல் உள்ளவர்கள் நியாயமான பங்கு கட்டத் தயார். கூட்டுறவுச் சங்கம் வழியாக வசூலித்துக்கொள், மீதியை நீ போடு!

2. அதுவரை, சாகுபடிச் செலவைக் கழித்த நிகர வருமானத்தை மட்டுமே சான்றிதழில் எழுத வருவாய்த் துறைக்கு உத்தரவிடு!

3. பூச்சிமருந்து விஷம், பாம்புக்கடி, டிராக்டர், கதிரடிக்கும் இயந்திர விபத்துகளைத் தொழில் விபத்தாக அறிவி! முழுச் சிகிச்சைச் செலவையும், படுத்திருக்கும் நாளுக்கு இ.எஸ்.ஐ. போல ஊதிய இழப்பீட்டையும் கொடு!

4. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பல் டாக்டரும் நாற்காலியும் வேண்டும்! வேர் சிகிச்சையையும் பல் செட்டையும் காப்பீட்டில் சேர்! வீடு தேடி வரும் மருத்துவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு வாய்ப் பரிசோதனையும் செய்!

5. அரியலூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பெரம்பலூருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி கொடு! கார்டு கையில் இருந்து ஆஸ்பத்திரி நூறு கிலோமீட்டரில் இருந்தால் கார்டு எதற்கு?

6. கடனோடு சேர்த்து இன்சூரன்ஸைக் கட்டாயமாக விற்பதைத் தடு! இரண்டு கலெக்டர் அலுவலகங்களிலும் கிளைம் மறுக்கப்பட்டவர்களுக்கு உதவி மையம் திற!

விவசாயப் பெருமக்களே!

நாம் கேட்பது சலுகை இல்லை. கடலை எண்ணெய் விலையும் பருத்திச் சட்டை விலையும் ஏறக் கூடாது என்று இந்த நாடு நம் விளைச்சலை மலிவாக வாங்கிச் சாப்பிட்டு உடுத்துகிறது. அந்த மலிவு விலைக்குப் பின்னால் நம் முழங்காலும் முதுகெலும்பும் நுரையீரலும் பல்லும் இருக்கின்றன. அதற்கான கணக்கைத்தான் தீர்க்கச் சொல்கிறோம்.

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தன்று காலை, பெரம்பலூரிலும் அரியலூரிலும் கலெக்டர் அலுவலகம் முன் கவன ஈர்ப்பு ஆர்ப்பாட்டம். வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் பக்கத்தவர்கள் பெரம்பலூருக்கும், செந்துறை, உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், திருமானூர் பக்கத்தவர்கள் அரியலூருக்கும் வாரீர். சும்மா வராதீர்கள். கிளைம் மறுத்த கடிதம், ஆஸ்பத்திரி பில், அடகு ரசீது, நிராகரித்த வருமானச் சான்று மனு, எது இருக்கிறதோ அதன் நகலோடு வாருங்கள். ஆயிரம் கோஷத்தைவிட நூறு காகிதம் அதிகாரியை அசைக்கும். பெண்கள் அவசியம் வர வேண்டும். வைத்தியச் செலவுக்குத் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தது அவர்கள்தான்.

பயிரைக் காக்கத் தெரிந்த அரசே, பயிர் செய்கிறவனைக் காப்பாற்று!

உழவன் உடம்பு உழவனுக்கு மட்டும் சொத்தல்ல, ஊருக்கே சொத்து!

திரளுவோம்! கேட்போம்! வாங்குவோம்!

இவண்
சங்கச் செயலாளர்
பெரம்பலூர், அரியலூர் மாவட்ட விவசாயிகளுக்காக

(படித்துவிட்டுக் கீழே போடாதீர்கள். அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.)